ராஜா எரித்த சுருளும் அவலாஞ்சியின் மழையும்



எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் 36ஆம் அதிகாரத்தை இந்த வாரம் மீண்டும் ஒருமுறை நிதானமாக வாசிக்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். யோயாக்கீம் யூதாவை ஆண்ட ஐந்தாம் வருடம், ஒன்பதாம் மாதம். எருசலேமில் உபவாசம் கூறப்பட்டிருந்த நாள். எரேமியா சொல்லச் சொல்லப் பாருக்கு மையினால் எழுதிய சுருள் முதலில் ஆலயத்தில் ஜனங்கள் கேட்க வாசிக்கப்படுகிறது. பின்னர் அரண்மனைப் பிரபுக்களின் முன் வாசிக்கப்படுகிறது. பிரபுக்களுக்கு அச்சம் பிடிக்கிறது. இதை ராஜாவுக்கு அறிவித்தே ஆகவேண்டும் என்கிறார்கள். அதே மூச்சில் பாருக்கிடம், நீயும் எரேமியாவும் ஒளிந்துகொள்ளுங்கள் என்றும் சொல்லி அனுப்புகிறார்கள். தங்கள் ராஜாவை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

ராஜா குளிர்கால அரண்மனையில் கணப்பின் முன் அமர்ந்திருக்கிறான். யெகுதி என்பவன் மூன்று நான்கு பத்திகள் வாசித்து முடிக்கும்போதெல்லாம் அந்தப் பகுதியைச் சூரிக்கத்தியால் அறுத்துக் கணப்பில் போடுகிறான். எல்நாத்தான், தெலாயா, கெமரியா என்னும் மூவர் எரிக்கவேண்டாம் என்று மன்றாடுகிறார்கள். அவன் செவிகொடுக்கவில்லை. முழுச் சுருளும் சாம்பலாகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சுருளில் இருப்பது பொய் என்று யோயாக்கீம் எங்கும் வாதாடவில்லை. எதிர்வாதம் எழுதுவிக்கவில்லை, வேறொரு தீர்க்கதரிசியை அழைத்துச் சரிபார்க்கவும் இல்லை. கேட்டான், அறுத்தான், எரித்தான்; எழுதியவர்களைப் பிடித்துவர ஆளனுப்பினான். உண்மையை மறுப்பதற்கு அதை நம்பாமல் இருக்கவேண்டிய அவசியமில்லை என்பதை இந்த ராஜாவைப்போல் தெளிவாகக் காட்டுகிறவர் திருமறையில் வேறொருவர் இல்லை என்பது என் எண்ணம்.

நம் மலையின் அண்மைக்கால வரலாற்றை வாசிக்கும்போதெல்லாம் இந்த அதிகாரம்தான் என் நினைவுக்கு வருகிறது. வரலாற்றை அவலாஞ்சியிலிருந்து தொடங்குவோம்.

2019 ஆகஸ்டு மாதம் 8ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் அவலாஞ்சியில் 82 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. மறுநாள் காலைக்குள் மேலும் 91 சென்டிமீட்டர். சென்னை மாநகரம் ஒரு வருடம் முழுவதும் பெறுகிற சராசரி மழை ஏறக்குறைய 140 சென்டிமீட்டர். அதைக் காட்டிலும் அதிகமான நீர் இரண்டே நாட்களில் இந்த ஒரு பள்ளத்தாக்கில் கொட்டித் தீர்த்தது. சாலைகள் அறுந்தன, சரிவுகள் பெயர்ந்தன. மாஞ்சோலை மலையின் காக்காச்சியில் 1992ஆம் ஆண்டு பெய்த 96.5 சென்டிமீட்டருக்கு அடுத்தபடியாக, தமிழ்நாட்டில் ஒரே நாளில் பதிவான மிகப் பெரிய மழைகளுள் ஒன்று அது.

அவலாஞ்சி என்ற பெயரே ஒரு சாட்சி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நிகழ்ந்த பெரும் மண்சரிவைக் கண்ட ஆங்கிலேயர், தங்கள் மொழியில் பனிச்சரிவைக் குறிக்கும் சொல்லை அந்த இடத்துக்குச் சூட்டினார்கள். நம் ஜனங்களின் நாவில் அது அவலாஞ்சி ஆயிற்று. ஆக, பேரழிவின் நினைவையே பெயராகச் சுமக்கிற இடம் அது. பின்னாளில் கனடா நாட்டின் உதவியோடு குந்தா நீர்மின் திட்டம் வந்தது. அவலாஞ்சி, எமரால்டு அணைகள் எழுந்தன. புல்வெளிகள் பலவற்றைச் சீகை மரமும் கற்பூர மரமும் மூடின. சோலைக்காடும் புல்வெளியும் மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி மெதுவாக விடுபவை என்பதை நம் முன்னோர் ஏட்டறிவு இல்லாமலே அறிந்திருந்தார்கள்.

அதே ஆகஸ்டு 8ஆம் தேதி, மலைத்தொடரின் மறுபுறத்தில், மலப்புறம் மாவட்டத்துக் கவளப்பாறையிலும் வயநாட்டுப் புத்துமலையிலும் மலை இறங்கி வந்தது. கவளப்பாறையில் 59 பேர். புத்துமலையில் 17 பேர். அவலாஞ்சியில் மழைமானியை நிரப்பியதும் இவர்களைப் புதைத்ததும் ஒரே மழை. அரபிக்கடலிலிருந்து எழுந்து வந்த ஒரே ஈரக்காற்று.

அந்தக் கடல் வெப்பமடைந்து வருகிறது. காற்றின் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும் என்பது பள்ளிப் பாடத்தில் வரும் பௌதிகம். மத்திய இந்தியாவில் பரவலான கடுமழை நிகழ்வுகள் 1950க்கும் 2015க்கும் இடையில் மூன்று மடங்காகியிருப்பதை ராக்ஸி மேத்யூ கோல் என்ற அறிஞரும் அவருடைய தோழர்களும் 2017இல் எடுத்துக்காட்டினார்கள். அவர்கள் சுட்டிய முக்கியக் காரணம், அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்றின் தடுமாற்றம். மழை எல்லா வருடமும் கூடுகிறது என்று இதற்குப் பொருளன்று. பெய்யும்போது அடங்காமல் பெய்கிறது என்பதே பொருள்.

இவையெல்லாம் எச்சரிக்கையின்றி வந்தனவா? இல்லை. சுருள் எழுதப்பட்டிருந்தது. அதன் முதல் வரிகள் நம் மாவட்டத்திலேயே எழுதப்பட்டன என்று சொன்னாலும் மிகையாகாது.

2010 பிப்ரவரியில் கோத்தகிரியில் மேற்குத்தொடர்ச்சி மலையைக் காக்க விரும்புவோரின் கூட்டம் ஒன்று நடந்தது. 1987இல் தொடங்கி இந்த மலைத்தொடரின் நெடுகிலும் கால்நடையாக நடந்த பழைய இயக்கத்தின் தொடர்ச்சி அது. அன்றைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதில் கலந்துகொண்டார். அடுத்த மாதமே, சூழலியல் அறிஞர் மாதவ் காட்கில் தலைமையில் ஒரு நிபுணர் குழு அமைக்கப்பட்டது. உதகையைச் சேர்ந்த வழக்கறிஞர் பி. ஜே. கிருஷ்ணனும் அதில் ஓர் உறுப்பினர். குழு மலைத்தொடர் எங்கும் பயணம் செய்தது; 2011 ஆகஸ்டில் அறிக்கையை அரசிடம் ஒப்படைத்தது.

ஏறத்தாழ 1,29,000 சதுர கிலோமீட்டர் மலைப்பரப்பு முழுவதையுமே கூருணர்வு மிக்க பகுதியாகக் கருதவேண்டும், அதை மூன்று மண்டலங்களாகப் பிரிக்கவேண்டும் என்பது அறிக்கையின் சாரம். முதல் மண்டலத்தில் புதிய பெரிய அணைகள் கூடாது. கல் குவாரிகளுக்குப் புதிய உரிமம் கூடாது. செங்குத்தான சரிவுகளில் ஓராண்டுப் பயிர்களைத் தவிர்க்கவேண்டும். பொது நிலத்தைத் தனியார் நிலமாக்கக் கூடாது. வயநாட்டின் வைத்திரி தாலுகா முதல் மண்டலத்தில் இருந்தது. எதை எங்கே அனுமதிப்பது என்ற முடிவில் கிராம சபைக்கு இடம் வேண்டும் என்றும் அறிக்கை சொல்லியிருந்தது. இந்தக் கடைசிப் பகுதியை ஏனோ யாரும் உரக்க வாசிக்கவில்லை.

அரசு அறிக்கையை வெளியிடவில்லை. கேரளத்தைச் சேர்ந்த ஒருவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அதைக் கேட்டார். வெளியிட்டால் நாட்டின் அறிவியல், பொருளாதார நலன்களுக்குக் குந்தகம் என்ற வாதம் முன்வைக்கப்பட்டது. மலை எங்கே சரியக்கூடும் என்பதை மலையில் குடியிருப்பவன் அறிந்துகொண்டால் நாட்டுக்குக் கேடு என்பது விசித்திரமான வாதந்தான். மத்தியத் தகவல் ஆணையம் 2012 ஏப்ரலில் அதைத் தள்ளியது; அமைச்சகம் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று; அங்கும் தோற்றது. அதன் பிறகே, அந்த மே மாதத்தில், சுருள் வெளிச்சத்துக்கு வந்தது. ஆனால் அதற்குள் கத்தியும் ஆயத்தமாயிருந்தது. 2012 ஆகஸ்டில் விஞ்ஞானி கஸ்தூரிரங்கன் தலைமையில் வேறொரு குழு அமைந்தது. அது 2013 ஏப்ரலில் அளித்த அறிக்கையில், பாதுகாப்புக்குரிய பரப்பு மலைத்தொடரின் 37 விழுக்காடாகச் சுருங்கியது; ஏறக்குறைய 60,000 சதுர கிலோமீட்டர்.

அன்பானவர்களே, இனி வருவது நமக்குச் சங்கடமான பகுதி. திருச்சபையின் வரலாற்றை எழுதும்போது மிஷனரிகள் கட்டிய பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் மட்டும் எழுதி முடித்துவிடுவது நேர்மையாகாது.

சுருங்கிய அந்த அறிக்கையைக்கூட கேரளத்தின் மலைநாடு ஏற்கவில்லை. 2013 நவம்பரில் எதிர்ப்பு மூண்டது. இடுக்கியிலும் தாமரசேரியிலும் அதன் முன்னணியில் நின்றவர்களுள் கத்தோலிக்க மறைமாவட்டங்கள் இருந்தன. குருமார்கள் மேடையேறினார்கள், ஆலயங்கள் கூடுமிடங்களாயின. நவம்பர் 15ஆம் தேதி கோழிக்கோடு மாவட்டம் தாமரசேரியில் வன அலுவலகம் தீக்கிரையாக்கப்பட்டது; உள்ளிருந்த கோப்புகளும் எரிந்தன. யோயாக்கீமின் கணப்பை உவமையாக மட்டுமே சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, இந்தச் செய்தியை வாசித்தபோது உவமை தேவையற்றதாகிவிட்டது. மூன்று நாட்கள் கழித்து இடது முன்னணி மாநிலம் தழுவிய முழு அடைப்பு நடத்தியது. ஆட்சியிலிருந்த காங்கிரஸ் முன்னணியோ எல்லையை மேலும் குறைப்பதற்கென்று தானே ஒரு குழுவை அமைத்தது. இந்த ஒரு காரியத்தில் இரு முன்னணிகளுக்கும் வேறுபாடு இருக்கவில்லை.

அந்த ஜனங்களின் அச்சத்தை நான் இகழமாட்டேன். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உணவுப் பஞ்சம் வந்தபோது, காட்டைத் திருத்திப் பயிரிடுங்கள் என்று மலைக்கு ஏற்றியது திருவிதாங்கூர் அரசே. மலேரியாவுக்கும் யானைக்கும் பிள்ளைகளைப் பறிகொடுத்து அவர்கள் நிலம் கண்டார்கள். 1961இல் இடுக்கி அணைத் திட்டத்துக்காக அய்யப்பன்கோவிலிலிருந்து ஆயிரக்கணக்கானோரை மழைக்காலத்தில் வெளியேற்றியதும் அரசுதான், அப்போது ஏ. கே. கோபாலன் உண்ணாவிரதம் இருந்தார். வெளியேற்றத்தை ஒருமுறை ருசித்தவர்களுக்கு அரசின் எந்தக் காகிதமும் வெளியேற்ற உத்தரவாகவே தோன்றும். ஆங்கிலத்தில் எழுதிய பல நூறு பக்க அறிக்கையை அவர்கள் எப்படி வாசித்திருப்பார்கள்? மாடு வளர்க்க முடியாது, வீடு கட்ட முடியாது என்ற வதந்திகளே அவர்களிடம் சென்று சேர்ந்தன. அவர்களோடு உட்கார்ந்து அதை வரிவரியாக வாசித்துக் காட்டக்கூடியவர்கள் மலையில் இருந்தார்கள் என்றால், அவர்கள் பெரும்பாலும் மேய்ப்பர்களே. குற்றச்சாட்டு என்று ஒன்று இருந்தால் அது அங்கேதான் போய் நிற்கிறது. பயந்திருந்த ஆட்டுக்கு மேய்ப்பன் சுருளை வாசித்துக்காட்டவில்லை. பயத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனான்.

ஊர்வலம் என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. அன்றைய இடுக்கி நாடாளுமன்ற உறுப்பினர் பி. டி. தாமஸ், காங்கிரஸ்காரர், பிறப்பால் அந்த மலைநாட்டுக் கத்தோலிக்கர். காட்கில் அறிக்கையை வெளிப்படையாக ஆதரித்த மிகச் சில அரசியல்வாதிகளில் அவர் ஒருவர். அவர் உயிரோடிருக்கும்போதே அவருக்குப் பாவனைச் சவ ஊர்வலம் நடத்தினார்கள். குருமார் சிலரும் அதில் நடந்தார்கள். 2014 தேர்தலில் அவருடைய கட்சி அவருக்கு அத்தொகுதியைத் தரவில்லை. மறைமாவட்டத்தின் ஆதரவு பெற்ற போராட்டக் குழுவின் வேட்பாளர், இடது முன்னணியின் துணையோடு வென்றார். எதிர்ப்பின் பலன் வாக்குப்பெட்டியிலேயே தெரிந்துவிட்டபின் எந்தக் கட்சிக்காரர் சுருளை எடுத்து வாசிப்பார்? 2021 டிசம்பரில் தாமஸ் இறந்தார். மதச் சடங்குகள் வேண்டாம் என்று எழுதி வைத்திருந்தார். உடல் கொச்சியில் எரியூட்டப்பட்டது; சாம்பலை இடுக்கியின் உப்புதோட்டுக்குக் கொண்டுபோய், அவர் விரும்பியபடியே தாயாரின் கல்லறையில் சேர்த்தார்கள்.

எல்நாத்தான், தெலாயா, கெமரியா ஆகியோரும் யோயாக்கீமின் கட்சிக்காரர்களே என்பதை மறக்கவேண்டாம். அவர்கள் தீர்க்கதரிசிகள் அல்லர். அரண்மனையில் உத்தியோகம் பார்த்தவர்கள்.

கேரளத்தின் கதையைச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. சில நாட்களுக்குள் நம் மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சரிவுகள். 40க்கும் அதிகமானோர் மாண்டார்கள். 1978, 1993ஆம் ஆண்டுகளின் சரிவுகளையும், குறிப்பாக மரப்பாலத்தையும், மூத்தவர்கள் அறிவார்கள். சரிவுகளில் குடியிருப்பவர்கள் யார்? சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் அவர்களில் பலர். தேயிலைத் தோட்டக் கழகத்தின் லயன் வீட்டை விட்டு வெளியேறினால், அவர்கள் வாங்கக்கூடிய நிலம் மலையின் விளிம்பில்தான் கிடைக்கிறது. நம் சபைகளின் பின்வரிசைகளை நிரப்புகிறவர்கள் அவர்களே. கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தில் நிலப்பட்டா இல்லாத குடும்பங்கள், பாதுகாப்பு மண்டலம் என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்குகின்றன. 2022 ஜூனில் பாதுகாக்கப்பட்ட காடுகளைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் மண்டலம் வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது அந்த நடுக்கம் வீதிக்கு வந்தது. அவர்களுக்கு வேண்டியவை இரண்டு: இருக்கும் வீட்டுக்கு உரிமை, அந்த வீடு நிற்கும் சரிவைப் பற்றிய உண்மை. முதலாவதைத் தருவதாகச் சொல்கிறவர்கள் இரண்டாவதை மறைக்கிறார்கள். இரண்டாவதைச் சொல்கிறவர்களோ முதலாவதைப் பற்றிப் பேசுவதேயில்லை.

சுருளை எரித்தவர்கள் ஒருவர். மண்ணுக்குள் போனவர்கள் வேறொருவர். 2020 ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் லயங்கள் புதைந்தன. 70 பேர் மறைந்தார்கள். ஏறக்குறைய அனைவரும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். கயத்தாறுப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறியவர்களின் வழித்தோன்றல்கள். 2021 அக்டோபரில் கூட்டிக்கல். 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலை. 250க்கும் மேற்பட்ட உயிர்கள். அதே வைத்திரி தாலுகா. அந்த மழையைப் பருவநிலை மாற்றம் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுதலாக்கியது என்று பன்னாட்டு ஆய்வாளர் குழு ஒன்று சில வாரங்களில் கணக்கிட்டுச் சொன்னது. அந்த மழை பேரழிவாக மாறியதற்கு நிலமும் காடும் நாம் கட்டியவையும் பதில் சொல்லவேண்டும் அல்லவா?

இப்படிப்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் பிறகு மேடைகளில் கேட்கும் வார்த்தை ஒன்று உண்டு: இயற்கையின் சீற்றம். இன்னும் பக்தியாகச் சொல்கிறவர்கள், தேவ சித்தம் என்பார்கள். நம் தேசத்தில் பருவநிலை மாற்றம் பொய் என்று பேசுகிற அரசியல்வாதியைக் காண்பது அரிது. எல்லாக் கட்சிகளும் அதைப் பற்றி உரையாற்றும். தமிழ்நாட்டில் அதற்கென ஓர் இயக்கமே அரசால் 2022இல் தொடங்கப்பட்டிருக்கிறது. இங்கே மறுப்பு வேறு உடை உடுத்துகிறது. அறிக்கை அலமாரியில் இருக்கிறது. வரைபடம் திருத்தத்தில் இருக்கிறது. பழி தேவன்மேல் இருக்கிறது. அடக்க ஆராதனை நடத்துகிற எந்த ஆயரும் அந்தக் கடைசிக் காரியத்துக்குத் துணைபோகக் கூடாது என்று நான் நினைக்கிறேன். துக்கவீட்டில் தேவ சித்தத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு, அந்தச் சரிவுக்கு மேலே சாலை வெட்டியவர் யார் என்று கேட்கலாம்.

மலையிலிருந்து கடலுக்கு வருவோம். அவலாஞ்சியின் நீர் அணைகளையும் குகைக்குழாய்களையும் கடந்து பில்லூரில் பவானியோடு சேர்கிறது. பவானி காவிரியில் கலக்கிறது. காவிரி, பூம்புகாரில் கடலை அடைகிறது. ஆறு கொண்டுவந்து கொட்டும் மணல்தான் கரையைக் கரையாக வைத்திருக்கிறது. அணைகள் மணலைப் பிடித்துக்கொள்ள, கடல் மட்டமும் உயர, கரை தேய்கிறது. ஆகவே மலைக்காரனுக்கும் கடற்கரைக்காரனுக்கும் கதை ஒன்றுதான்.

கடற்கரையில் இந்த மறுப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் பெயர்பெற்றது. 2010இல் அம்மாநிலத்தின் அறிவியல் குழு, இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் கடல் 39 அங்குலம் உயரும் என்று கருதித் திட்டமிடும்படி சொன்னது. கரையோர மாவட்டங்களில் வீடு கட்டி விற்போரும் உள்ளாட்சிப் பிரமுகர்களும் கொதித்தார்கள். நிலத்தின் விலை விழும் என்பதே அவர்கள் கவலை. 2012இல் சட்டமன்றம் 819ஆம் எண்ணுள்ள மசோதாவை நிறைவேற்றியது. அதன்படி, கடல் உயரும் வேகத்தை ஒழுங்குவிதிகளுக்காக வரையறுப்பது 2016 வரை தடுக்கப்பட்டது. கடல் அந்தச் சட்டத்தை வாசிக்கவில்லை. 2018 செப்டம்பரில் ஃப்ளோரன்ஸ் புயல் அந்தக் கரையை மூழ்கடித்தது.

நமக்கு அருகே இன்னொரு காட்சி. திருவனந்தபுரத்தின் வலியதுறையில், கடல் வீட்டைக் கொண்டுபோன மீனவக் குடும்பங்கள் பழைய சிமெண்டுக் கிடங்கில் வருடக்கணக்காக வாழ்ந்தன. விழிஞ்ஞம் துறைமுகப் பணி தொடங்கிய பிறகு கரை அரிப்பு மோசமாயிற்று என்பது அவர்களுடைய முறையீடு. 2022 ஆகஸ்டில் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டம் அவர்களோடு துறைமுக வாயிலில் போய் அமர்ந்தது. பணியை நிறுத்தி, உள்ளூர் ஜனங்களின் பிரதிநிதிகளையும் சேர்த்து அறிவியல் ஆய்வு நடத்துங்கள் என்பது கோரிக்கைகளில் முதன்மையானது. அரசு என்ன பதில் சொன்னது தெரியுமா? அரிப்புக்குக் காரணம் துறைமுகம் அல்ல. புயல்களும் காற்றழுத்தத் தாழ்வுகளும் பருவநிலை மாற்றமுமே என்றது. மலையில் விரட்டியடிக்கப்பட்ட அறிவியல், கடற்கரையில் சாக்குப்போக்காக அழைத்துவரப்பட்டது! ஆளுங்கட்சியின் மாவட்டத் தலைவரும் அதன் பரம எதிரியாகிய கட்சியின் மாவட்டத் தலைவரும் போராட்டத்துக்கு எதிராக ஒரே மேடையில் நின்றார்கள். நவம்பர் இறுதியில் வன்முறை வெடித்தது. காவல் நிலையம் தாக்கப்பட்டது. அதை எவ்விதத்திலும் நியாயப்படுத்த முடியாது. டிசம்பர் 6ஆம் தேதி போராட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது.

ஒரே மாநிலம், ஒரே கத்தோலிக்க விசுவாசம். ஒன்பது ஆண்டு இடைவெளியில் மலையிலே திருச்சபை சுருளை வாசிக்க விடவில்லை. கடற்கரையிலே சுருளை எழுதுங்கள் என்று வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்து கேட்டது. இரண்டு இடங்களிலும் மேய்ப்பர்கள் தங்கள் ஜனங்களோடுதான் நின்றார்கள். மலையிலே ஜனங்களிடம் நிலம் இருந்தது; கடற்கரையிலே அதைக் கடல் ஏற்கெனவே கொண்டுபோயிருந்தது. இந்த வேற்றுமையை நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். இழப்பதற்கு இன்னும் ஏதோ இருக்கிறபோதே எச்சரிக்கையைக் கேட்கும் திராணி ஒரு சபைக்கு எங்கிருந்து வரும்?

36ஆம் அதிகாரத்தின் முடிவுக்கு வருகிறேன். சுருள் எரிந்தபின் கர்த்தர் எரேமியாவை மீண்டும் எழுதச் சொல்கிறார். பாருக்கு வேறொரு சுருளை எடுத்து, எரிந்துபோன வார்த்தைகள் அனைத்தையும் எழுதுகிறான். அவற்றோடு அவை போன்ற இன்னும் பல வார்த்தைகளும் சேர்க்கப்படுகின்றன. இரண்டாம் சுருள் முதலாவதைவிட நீளமானது.

நம் தேசத்தில் நடந்தது நேர்மாறு. காட்கில் முழு மலைத்தொடரையும் எழுதினார். கஸ்தூரிரங்கன் 37 விழுக்காட்டை எழுதினார். அதில் கேரளத்தின் பங்கு 13,108 சதுர கிலோமீட்டர்; மாநிலத்தின் வேண்டுகோளால் அது 9,993.7 ஆகக் குறைந்தது. 2014 மார்ச்சில் முதல் வரைவு அறிவிக்கை வந்தது. அது காலாவதியாக, மற்றொன்று. அதுவும் காலாவதியாக, இன்னொன்று. ஆறாவது வரைவு 2024 ஜூலை 31ஆம் தேதியிட்டு வந்தது. சூரல்மலையில் அப்போது இன்னும் உடல்களைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆறு மாநிலங்களில் 56,825.7 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் 6,914. அந்தச் செப்டம்பரிலேயே கர்நாடக அமைச்சரவை கஸ்தூரிரங்கன் அறிக்கையை ஏற்பதில்லை என்று முடிவெடுத்தது.

தமிழ்நாட்டுக்கான பட்டியலில் நீலகிரியின் கிராமங்களும் இருக்கின்றன. வரும் புதன்கிழமை வேதபாடக் கூட்டத்தில் எரேமியா 36ஐ வாசித்தபின், அந்த வரைவில் நம் மாவட்டத்துக்குரிய பக்கங்களையும் அறிக்கையின் பரிந்துரைகளையும் தமிழில் வரிவரியாக வாசித்து விளக்க இருக்கிறேன். கல் குவாரியில் வேலை செய்கிறவர்களும், தங்கும் விடுதி நடத்துகிறவர்களும், பட்டா இல்லாத வீட்டில் குடியிருக்கிறவர்களும் அவசியம் வரவேண்டும். கேள்விகளை எழுதிக் கொண்டுவாருங்கள். ஆட்சேபணைகளையும் கொண்டுவாருங்கள்.